எலக்ட்ரானும் சற்காரியவாதமும்

காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியில் இந்தியத் தத்துவ மரபுகள் பிரிந்து நின்றன. இருக்கிறது என்றது சாங்கியம்; இதுவே சற்காரியவாதம். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கியகாரிகை அதற்கு ஐந்து ஏதுக்களைச் சொல்கிறது. முன்பு இல்லாததே புதிதாகத் தோன்றுகிறது என்றனர் நியாய வைசேடிகர். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்றுக் காரணத்தை மூன்றாகப் பகுத்தது: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஐரோப்பாவில் டெக்கார்ட் 1641-இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலில், காரியத்தில் உள்ள அளவு உண்மையாவது அதன் முழுக்காரணத்தில் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார்.

இந்த வாதங்களைச் சோதித்துப் பார்க்க, மெதுவாக வரும் எலக்ட்ரான் மூலக்கூறை உடைக்கும் நிகழ்ச்சி மிகவும் ஏற்றது. கார்பன் டெட்ராகுளோரைடில் ஒரு குளோரின் அணுவைப் பிரிக்கச் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. ஆனால் ஏறத்தாழ ஆற்றலே இல்லாத எலக்ட்ரான் வந்து ஒட்டினாலும் அந்தப் பிணைப்பு அறுந்து, குளோரின் எதிர்மின் அயனியாக வெளியேறுகிறது. குளோரின் அணுவின் எலக்ட்ரான் நாட்டம், அதாவது எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட். உடைப்பதற்கான ஆற்றல் அங்கிருந்து கிடைக்கிறது. எலக்ட்ரானை மட்டும் காரணமாகக் கொண்டால் டெக்கார்ட்டின் விதி பொய்க்கும். மூலக்கூறையும் சேர்த்து முழுக்காரணமாகக் கொண்டால் கணக்கு நேராகிறது.

உயிரின் மூலக்கூறுகளிலும் இதுவே நடக்கிறது. கதிர்வீச்சு திசுவுக்குள் செலுத்தும் ஒவ்வொரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கும் பல்லாயிரம் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குறைந்த ஆற்றல் கொண்டவை. அயனியாக்கும் ஆற்றலுக்குக் கீழே உள்ள எலக்ட்ரானால் டி.என்.ஏ. இழை அறாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சாஞ்ச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எலக்ட்ரான்கள் இழையை அறுத்தன. 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழும் ஒற்றை இழை அறுவதை 2004-இல் அதே குழு காட்டியது. இத்தகைய முறிவுக்குச் சொல்லப்படும் விளக்கம் வியப்பூட்டுவது: எலக்ட்ரான் முதலில் சேர்வது டி.என்.ஏ.யின் காரத்தில், அறுவதோ சற்றுத் தள்ளியிருக்கும் சர்க்கரை-பாஸ்பேட் தொடரின் பிணைப்பு.

எதிலிருந்தும் எதுவும் பிறந்துவிடாது என்பது சாங்கியத்தின் ஏதுக்களில் ஒன்று. டி.என்.ஏ.யின் காரங்களில் ஒன்றான தைமினில் அது அப்படியே பொருந்துகிறது. 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வரும் எலக்ட்ரான் நைட்ரஜனோடு பிணைந்த ஹைட்ரஜனைத்தான் பிரிக்கிறது, கார்பனோடு பிணைந்ததை விட்டுவிடுகிறது. இரண்டு நைட்ரஜன்களில் எது என்பதும் எலக்ட்ரானின் ஆற்றலைப் பொறுத்தது. எந்தெந்த வழியில் உடையலாம் என்பது மூலக்கூறின் அமைப்பிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது.

மூவகைக் காரணப் பகுப்பு இங்கே அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. மூலக்கூறு முதற்காரணம், எலக்ட்ரான் துணைக்காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தண்டசக்கரம் குடத்தில் கலப்பதில்லை. எலக்ட்ரானோ குளோரின் அயனிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முறிவைத் தொடங்கிவைத்ததும் அதுவே, விளைபொருளில் ஒரு பகுதியாவதும் அதுவே. துணையும் முதலும் ஒரே பொருளில் கூடும் இந்த நிலையைப் பழைய பகுப்பு எதிர்பார்க்கவில்லை. நிமித்தகாரணத்தின் நிலை வேறு. சித்தாந்தத்தில் அது அறிவுடைய பொருள். உலகம் முழுவதன் தோற்ற ஒடுக்கங்களுக்கு அது வேண்டும் என்பதே அங்குள்ள வாதம். ஒரு பிணைப்பு அறுவதில் இறைவனைத் தேடுவதும், அங்கே காணவில்லை என்று அவனை மறுப்பதும் அந்த வாதத்தைத் தவறாகப் படிப்பதாகும்.

மிகக் கடினமான பகுதி தற்செயல். ஒட்டிய எலக்ட்ரான் மூலக்கூறைத் தற்காலிக எதிர்மின் அயனியாக்குகிறது. அதன் ஆயுள் பல நேரங்களில் ஒரு நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அதற்குள் அணுக்கள் போதிய தூரம் விலகினால் மூலக்கூறு உடையும். விலகாவிட்டால் எலக்ட்ரான் வெளியேறிவிடும். 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் ஹைட்ரஜன் மூலக்கூறு இவ்வாறு உடைகிறது. ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தின் எலக்ட்ரான் அமைப்பும் அதேதான். எடை இரு மடங்கு என்பதால் அதன் அணுக்கள் மெதுவாக விலகுகின்றன. உடையும் வாய்ப்பு நூறு மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. இந்த விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். ஆனால் இந்த மூலக்கூறு இந்த முறை உடையுமா என்று கேட்டால், மாக்ஸ் போர்ன் 1926-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, நிகழ்தகவை மட்டுமே குவாண்டம் கொள்கை தரும். டேவிட் போம் 1952-இல் எல்லாம் முன்னரே தீர்மானமானது என்று கொள்ளும் ஒரு வடிவத்தை அமைத்தார். அதன் கணிப்புகளும் போர்னின் விளக்கம் தரும் கணிப்புகளே என்பதால், இந்தச் சோதனைகளால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆகவே சற்காரியவாதத்தைப் பொருளின் இயல்பு பற்றிய கொள்கையாக எடுத்துக்கொண்டால், மூலக்கூறு முறிவு அதற்கு வலுவான சான்று: ஆற்றல், வழிகள், விகிதம் மூன்றும் முன்னரே அமைந்தவை. ஒவ்வொரு தனி நிகழ்ச்சியும் காரணத்தில் முடிவாகிக் கிடந்தது என்று அதை நீட்டினால், அதற்குரிய சான்று இந்தச் சோதனைகளில் இல்லை.