கொட்டுபவர் இல்லாத மேளம்

தமிழ்நாட்டின் சிறு கோயில்கள் பலவற்றிலும், நல்ல வருமானமுள்ள சில பெரிய கோயில்களிலும்கூட, கருவறைக்கு எதிரேயுள்ள மண்டபத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் பொருத்தப்பட்ட ஒரு கருவி இன்று வழக்கமான காட்சியாகிவிட்டது. மின்சார மேளம் எனப் பொதுவாக அழைக்கப்படும் இதில், மோட்டார் சுழற்றும் அச்சொன்று தன்னோடு இணைந்த கோல்களை மாறி மாறித் தூக்கி விடுவதால் முரசின் தோல்மீது அடி விழுகிறது. அதே சுழற்சியில் மணியின் நாக்கு இழுபட்டு அசைய, சேகண்டியின்மீதும் ஒரு சிறு சுத்தியல் விழுகிறது. தீபாராதனை தொடங்கும்போது அர்ச்சகரோ அருகில் நிற்பவரோ சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டால் ஓசை எழுந்து, கற்பூரம் குளிர்ந்தபின் அதை அணைத்தால் அடங்கிவிடும். இக்கருவியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டே கருத்துகளில் நின்றுவிடுகின்றனர்: காலத்திற்கேற்ற வசதி என்பது ஒன்று, ஆகமத்திற்கு ஒவ்வாத ஆரவாரம் என்பது மற்றொன்று. கருவி நல்லதா கெட்டதா என்று கேட்கும் இவ்விரு கருத்துகளும், அந்த மேளத்தைக் கொட்டுவது யார் என்னும் அதனினும் பழைய கேள்வியைத் தொடாமலே கடந்துவிடுகின்றன.

இக்கேள்விக்கு வேண்டிய கருத்தாக்கம் தமிழ் இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்கும் இலக்கண நூலார், ஒரு வினையைச் செய்பவரை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகையாகப் பிரிப்பர். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்னும்போது கரிகாலன் கல் சுமக்கவில்லை, சுமக்கச் செய்தான். ஆகவே அவன் ஏவுதற் கருத்தா. சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது என்னும்போது அவரே செய்தார். ஆகவே அவர் இயற்றுதற் கருத்தா. இவ்விருவரிலிருந்தும் வேறாக வைக்கப்படுவது கருவி. உளியும் எழுத்தாணியும் தம் விருப்பால் எதையும் செய்வதில்லை. மின்சார மேளத்தை இந்த வகைப்பாட்டில் பொருத்திப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படுகிறது. சுவிட்சைப் போட்டவர் ஏவியவர், முரசும் மோட்டாரும் கருவிகள்; ஆனால் அடிக்கு அடி கைவைத்து இயற்றுபவர் என்னும் இடத்தில் எவரும் இல்லை. தானியங்கிக் கருவி எதுவாயினும் இந்த இடத்தையே காலியாக்குகிறது. அந்தக் காலியிடத்தைப் பற்றிச் சமய மரபுகள் கொள்ளும் நிலைப்பாடுகள் ஒன்றோடொன்று வியப்பூட்டும் அளவுக்கு வேறுபடுகின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவது நல்லது. வழிபாட்டைப் பிறர் கையால் செய்விப்பது இயந்திரத்தோடு வந்த பழக்கம் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு, ஏற்றுவதற்காக ஆடுகள் விடப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் என்பது கணக்கு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பிக்கொண்டே வரும் என்பதால் அம்மந்தை சாவா மூவாப் பேராடு என்று பதிவு செய்யப்பட்டது. கொடையாளி மறைந்து தலைமுறைகள் கடந்தபின்னும் விளக்கு அவர் பெயரால் எரியக்கூடிய இந்த ஏற்பாட்டை ஒரு வகைத் தானியங்கி என்றே சொல்லிவிடலாம். ஆயினும் அதனுள் ஒவ்வொரு நாளும் நெய்யை அளக்க ஓர் இடையரும், அதை வாங்கித் திரியில் வார்க்க ஒருவரும் இருந்தாக வேண்டியிருந்தது.

வைதிகச் சடங்குகளின் தருக்கத்தை ஆராய்ந்த மீமாம்சகரும் இதைக் கூர்மையாகவே எண்ணினர். வேள்வியில் ஓதுவதும் ஆகுதி சொரிவதும் பெரும்பாலும் ரித்விக்குகள் எனப்படும் புரோகிதர்களே. ஆனால் பயன் யஜமானனுக்கு, அதாவது வேள்வியைச் செய்விப்பவனுக்கு, உரியது. பிறர் செய்த வினையின் பயன் இவனுக்கு எவ்வாறு வந்து சேரும் என்னும் கேள்விக்கு அவர்கள் தந்த விடை தட்சிணை. அவர்களது விளக்கத்தில் தட்சிணை தருமமோ அன்பளிப்போ அன்று. புரோகிதரின் உழைப்பை விலைக்குப் பெறும் கூலி. ஏவுபவனையும் இயற்றுபவனையும் இணைக்கும் பாலம் இரு மனிதருக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் என்றாகிறது. மோட்டாருக்குத் தரப்படுவது மின்கட்டணம். அதைத் தட்சிணை என்று கொள்ள எந்த மீமாம்சகரும் உடன்பட்டிருக்கமாட்டார்.

இயற்றுபவரின் இடம் காலியாவதை ஒரு பேறாகவே கருதக்கூடிய சமயமும் உண்டு. யூத மரபில் வெள்ளி மாலை கதிர் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனி இரவு விண்மீன்கள் தோன்றும்வரை நீளும் ஓய்வுநாளில் வேலை விலக்கப்பட்டுள்ளது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் வேலை என்பதை உழுதல், விதைத்தல், எழுதுதல், கட்டுதல், தீ மூட்டுதல் முதலான 39 வகைகளாகப் பகுக்கிறது. மின்சாரம் வந்தபோது, சுவிட்சைப் போடுவது இவற்றுள் எதைச் சாரும் என்னும் விவாதம் எழுந்தது. பழைய குமிழ் விளக்கில் உலோக இழை பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால் அது தீ மூட்டுதலே என்பது பரவலான கருத்து. ஹாஸோன் இஷ் என அறியப்பட்ட ரபி அவ்ரஹாம் யெஷாயா கரேலிட்ஸ் (1878–1953) மின்சுற்றை நிறைவு செய்வதே கட்டுதல் என்னும் வேலையாகும் என்றார். அதை ஏற்காத ரபி ஷ்லோமோ ஸல்மான் அவர்பாக் (1910–1995), ஒளிரும் இழையில்லாத கருவிகளைப் பொறுத்தவரை மூலச் சட்டத்தில் உறுதியான தடை காண்பது கடினம் என்று கருதியபோதும், நிலைபெற்றுவிட்ட வழக்கத்தை மீறலாகாது என்றார்.

இவ்விவாதத்தின் ஆழம் கிரமா என்னும் கருத்தில் வெளிப்படுகிறது. நேரே செய்யாமல், ஒன்று தானே நிகழுமாறு மறைமுகமாகக் காரணமாதல் என்பது அதன் பொருள். 1977இல் நிறுவப்பட்ட ட்ஸோமெட் நிறுவனம் இதை அடிப்படையாகக் கொண்டு, மருத்துவமனை, பாதுகாப்பு போன்ற இன்றியமையாத தேவைகளுக்கான கருவிகளை வடிவமைத்து வருகிறது. அவற்றில் மனிதர் பொத்தானை அழுத்தியவுடன் எதுவும் நிகழ்வதில்லை. குறித்த இடைவெளிகளில் பொத்தானின் நிலையைத் தானே சோதித்துக்கொண்டிருக்கும் கருவி, அடுத்த சோதனையில் நிலை மாறியிருப்பதைக் கண்டு செயலில் இறங்குகிறது. விரலுக்கும் விளைவுக்கும் இடையே புகுத்தப்பட்ட அந்தச் சிறு இடைவெளியிலேயே ஒரு சமயச் சட்டத்தின் முழு எடையும் தாங்கி நிறுத்தப்படுகிறது. இதைச் சட்டத்தை ஏமாற்றும் தந்திரம் என்று வெளியார் நகைப்பதுண்டு. செயல் எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிகிறது என்பதை இத்தனை நுணுக்கமாக அளந்து பார்த்த வேறு சமூகம் அரிது என்பதால் அந்நகைப்பு பொருந்தாது. எல்லா மாடிகளிலும் தானே நின்று செல்லுமாறு அமைக்கப்பட்ட ஓய்வுநாள் மின்தூக்கிகளில் எவரும் பொத்தானை அழுத்துவதில்லை. ஆயினும் உள்ளே ஏறியவரின் உடல் எடையால் மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறதே, அதுவும் அவர் செயலாகாதா என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்தது. 2009இல் ரபி யோசேப் ஷாலோம் எல்யஷீவ் உள்ளிட்ட சிலர் அத்தகைய மின்தூக்கிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். வேறு பலர் அதை ஏற்கவில்லை. சும்மா நிற்கும் உடலும் ஒரு வினைமுதல் ஆகலாமோ என்ற ஐயம் அளவுக்கு அங்கே சிந்தனை சென்றிருக்கிறது.

இஸ்லாமியச் சட்ட மரபில் கேள்வி, கேட்பவரின் பக்கமிருந்து எழுகிறது. குர்ஆனின் சில வசனங்களை ஓதக் கேட்டவர் நெற்றி நிலத்தில் படப் பணிய வேண்டும். இது திலாவத் ஸஜ்தா எனப்படும், ஹனஃபி மத்ஹபில், அதாவது ஹனஃபி சட்டப்பள்ளியில், இது வாஜிப், அதாவது கட்டாயம். அதே வசனத்தைப் பழக்கப்பட்ட கிளி ஒன்று சொல்லக் கேட்டாலோ, மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியாகக் கேட்டாலோ அக்கடமை ஏற்படாது என்று ஹனஃபி நூல்கள் மின்சாரத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வகுத்துவிட்டன. ஒலி ஒன்றேதான், சொல்லும் ஒன்றேதான். ஓதுபவர் என்று ஒருவர் இல்லாததால் ஓதல் நிகழவில்லை என்பதே அதன் உட்கிடை. ஒலிப்பதிவு வந்தபோது உலமாக்கள் பலர் தயக்கமின்றி இந்தக் கிளியையும் எதிரொலியையும் எடுத்துக்காட்டிப் பதிவுக்கும் அதே விதியைப் பொருத்தினர். விடியற்காலையில் கைபேசிச் செயலி ஒலிக்கும் சுப்ரபாதத்தையும், சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டால் நாள் முழுதும் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியையும் பற்றிச் சிந்திக்க விரும்பும் சைவரும் வைணவரும் இந்தக் கிளியிடம் சற்று நேரம் செலவிடலாம்.

திபெத்திய பௌத்தம் இதற்கு நேர் எதிரான திசையில் செல்கிறது. மந்திரம் எழுதிய தாள் சுருளை உள்ளே கொண்ட உருளைகளை அங்கே கை சுழற்றும், ஓடும் நீரும் சுழற்றும். இன்று சூரிய மின்கலமும் சுழற்றுகிறது. நீரும் காற்றும் அந்த மந்திரத்தின் அருளைத் தம்மைத் தீண்டிய உயிர்களுக்கெல்லாம் கொண்டு சேர்க்கும் என்னும் நம்பிக்கை இருப்பதால், இயற்றுபவர் இல்லை என்பது அங்கே பெரும் குறையாகத் தோன்றுவதில்லை.

சைவத்தில் நிலைமை வேறு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலதாகிய சரியை, கோயிலை அலகிடுதல், மெழுகுதல், விளக்கேற்றுதல், பூத்தொடுத்தல் போன்ற உடலுழைப்பையே வழிபாடாகக் கொள்வது. அந்நெறியின் முன்மாதிரியாகப் போற்றப்படும் திருநாவுக்கரசரின் திருவுருவம் உழவாரப்படை என்னும் புல் செதுக்கும் கருவியோடுதான் வடிக்கப்படுகிறது. ஆகவே கருவி என்பதாலேயே ஒன்று சைவத்திற்கு அயலாகிவிடுவதில்லை. ஆனால் உழவாரம் பிடித்த கை ஓய்ந்தால் உழவாரமும் ஓயும். பெரியபுராணம் இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. மதுரையில் இறைவனுக்குச் சந்தனக் காப்பு அளித்துவந்த மூர்த்தி நாயனார், மன்னனின் தடையால் சந்தனக் கட்டை கிடைக்காதபோது தம் முழங்கையையே கல்லில் வைத்துத் தேய்த்தார். திருவொற்றியூரில் விளக்கெரித்த கலிய நாயனார், பொருளெல்லாம் தீர்ந்து செக்கில் கூலிக்கு உழைத்து, அதுவும் இல்லாதபோது எண்ணெய்க்கு மாற்றாகத் தம் குருதியை வார்க்கத் துணிந்தார். இக்கதைகளில் வழிபாட்டுப் பொருள் இல்லாமற் போகும் இடத்தை அடியவரின் உடல் நிரப்புகிறது. தானியங்கிக் கருவி செய்வது இதன் தலைகீழ்: பொருள் எல்லாம் இருக்கிறது, உடல் மட்டும் விலகிக்கொள்கிறது.

இதற்கு அதே நூலிலிருந்து ஒரு மறுப்பு எழக்கூடும். திருநின்றவூர்ப் பூசலார் ஒரு செங்கல்லையும் தொடாமல் மனத்திலேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் காடவர் கோமான் கற்கோயிலுக்குக் குடமுழுக்குக் குறித்த நாளிலேயே அவரும் நாள் குறிக்க, இறைவன் மன்னன் கனவில் தோன்றி வேறு நாள் பார்க்கச் சொன்னான் என்பது வரலாறு. உடலுழைப்பே வழிபாட்டின் உயிர் என்றால் பூசலாருக்கு இடமேது? ஆயினும் கூர்ந்து நோக்கினால் அவர் மனத்தில் பொருள் தேடினார், தச்சரைத் திரட்டினார், நாள் பார்த்து அடித்தளமிட்டார், இரவும் கண்துஞ்சாது எழுப்பினார். அங்கே ஏவியவரும் இயற்றியவரும் அவர் ஒருவரே. கை உழைக்கவில்லை, ஆனால் இயற்றுபவரின் இடம் ஒரு கணமும் காலியாக இருக்கவில்லை. ஆகவே சைவம் கேட்பது தசையின் வலியை அன்று. செயல் நிகழும் நேரம் முழுவதும் ஒருவர் அதற்குள் இருக்க வேண்டும் என்பதையே. மின்சார மேளம் ஒலிக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் அதற்குள் இருப்பவர் எவரும் இல்லை.

இதனால் அக்கருவியைக் கோயிலை விட்டு அகற்ற வேண்டும் என்றாகாது. ஒரு காலப் பூசைக்கே வருமானம் போதாத கோயிலில் வலக்கையில் தீபமும் இடக்கையில் மணியுமாக நிற்கும் தனி அர்ச்சகருக்கு மூன்றாவது கை கிடையாது. வழிபாட்டு ஓசையின் பணிகளுள் பூசை நடக்கிறதென ஊருக்கு அறிவிப்பதும், வேண்டாத ஒலிகள் அந்நேரம் செவியில் விழாமல் மறைப்பதும் அடங்கும்; இவ்விரண்டையும் மோட்டார் குறைவின்றிச் செய்கிறது. அறிவிப்பு என்ற அளவில் அதைக் குறைகூற நியாயமில்லை. அதை இறைவனுக்கு அளிக்கப்படும் மேள சேவை எனக் கணக்கிடும்போதுதான் பிழை நேர்கிறது. நாகசுரமும் தவிலும் வாசிக்கப்படும் கோயிலில் சுவாமி புறப்பாட்டிற்குக் கம்பீர நாட்டை இராகத்தில் மல்லாரி என்னும் இசைவகை ஒலிக்கும். நிவேதனம் மடைப்பள்ளியிலிருந்து வரும்போது தளிகை மல்லாரி, திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என வாசிப்பு மாறும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரும் உள்ளே நடப்பதைச் செவியாலேயே பின்தொடரலாம். மோட்டாருக்கு அபிடேகமும் அர்த்தசாமமும் ஒன்றே. சுழற்சியின் வேகம் எதுவோ அதுவே அதன் தாளம்.

வருமானம் குறைந்த கோயிலில் இயற்றுபவரின் இடம் முன்பே காலியாக இருந்தது, கருவி பின்னர் வந்தது. வருமானமுள்ள பெரிய கோயிலில் இவ்வரிசை மாறிவிடுவதுண்டு. முறை வைத்துக் கோயிலில் வாசித்துவந்த குடும்பத்தின் முதியவர் ஓய்வு பெற்றபின், அடுத்தவர் நியமிக்கப்படும்வரை என்று சொல்லி மின்சார மேளம் வாங்கப்படுகிறது; தீபாராதனை ஓசையின்றி நடந்தால் பக்தர்கள் நிர்வாகத்திடம் காரணம் கேட்டிருப்பர், ஓசை குறைவின்றி எழுவதால் எவரும் கேட்பதில்லை, நாகசுரப் பணியிடமும் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமலே பட்டியலில் நீடிக்கிறது.