இறக்கி வைப்பதும் கடமையே

சௌமியமூர்த்தி தொண்டமான் 1999 அக்டோபர் 30ஆம் திகதி இறந்தபோது அவருக்கு வயது 86. அன்றும் அவர் அமைச்சர். தோட்டத் தொழிலாளர் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவரும் அவரே. பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட், 2013இல் தமது 85ஆம் வயதில், வலு குன்றிவிட்டதென்று அறிவித்துப் பதவி விலகினார். ஏறத்தாழ 600 ஆண்டுகளாக எந்தப் பாப்பரசரும் செய்யாத காரியம் அது. சாகும்வரை சுமப்பதா, இறக்கி வைப்பதா, எது அறம்? பதவி யாருக்காக இருக்கிறது என்று கேட்டால்தான் விடை தெளியும்.

சுமப்பதற்கும் நியாயம் உண்டு. பார்க்கின்சன் நோயால் பேச்சே தடுமாறிய இரண்டாம் யோவான் பவுல் 2005இல் இறக்கும்வரை விலகவில்லை. துன்பத்தைத் தாங்குவதையே சாட்சியாக்கினார். தொண்டமானின் களமான இலங்கை மலையகத்தின் நியாயம் இன்னும் கனமானது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்தது, வாக்கும் போயிற்று. 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொண்டமான், அங்கிருந்து மீண்டும் தெரிவாக 1977 வரை ஆயிற்று. நாடற்றவர்களாய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கேட்டு 1986இல் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது; அதே ஆண்டில் அதை வழங்கும் சட்டமும் வந்தது. வாக்கில்லாத மக்களுக்குப் பேரம் பேச ஒரு நீண்டகாலத் தலைமை தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தத் தேவை என்றைக்குமானதல்ல. வாக்குரிமை திரும்பிய பின்னும் ஒருவர் இல்லாமல் ஆகாது என்ற நிலை நீடித்தால், அது தலைவரின் பெருமையன்று, அமைப்பின் குறை. பெனடிக்ட் துணிந்து விலக முடிந்ததற்கு, அடுத்தவரைத் தெரிவுசெய்யும் முறை முன்பே இருந்ததும் ஒரு காரணம். தொண்டமானுக்குப் பின் தலைமை பேரன் ஆறுமுகனிடம் வந்தது. அவரும் 2020 மே மாதம் அமைச்சராக இருக்கையிலேயே இறக்க, அவருடைய மகன் ஜீவன் பொதுச் செயலாளரானார். அவர்களுடைய ஆற்றல் வேறு பேச்சு. சம்பளத்தில் சந்தா பிடிபடும் ஹட்டன் கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்குத் தலைவரைத் தெரிவுசெய்வதில் எவ்வளவு பங்கிருந்தது என்பதே அறக் கேள்வி.

தலைவர் விலகினால் சங்கம் உடையும், தோட்ட நிர்வாகம் அதைப் பயன்படுத்தும் என்பர். அச்சம் நியாயமானது. ஆனால் மரணம் தவணை சொல்லி வருவதில்லை. அது திறக்கும் வெற்றிடத்தில் உடையும் ஆபத்து இன்னும் அதிகம். விலகலோ ஆயத்தமாக நேரம் தரும்: பெனடிக்ட் பெப்ரவரி 11இல் அறிவித்து 28இல் விலகினார். மார்ச் 13இல் புதியவர் தெரிவானார். ஒருவரின் அந்திமத் தியாகத்தைவிட, பதவிக் காலத்தையும் தெரிவு முறையையும் யாப்பில் எழுதி வைப்பதே உறுப்பினருக்குப் பாதுகாப்பு. ஆகவே விலகும் கடமை முதுமையில் தொடங்குவதல்ல. பதவி ஏற்கும் நாளிலேயே தொடங்குகிறது.