சிலந்தியும் வசன பலமும்



பகவான் மகாவீரரின் நிர்வாணத் திருநாள் நெருங்குங்கால், நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் ஒட்டடை அடிக்கும் பணி தொடங்குவது வழக்கம். ஓராண்டு யாம் ஆலயத் திருச்சுற்றைத் தூய்மை செய்துகொண்டிருந்தபோது, உடன் வந்த சிறுமி ஒருத்தி, கோலில் சுற்றிக்கொண்ட நூலாம்படையினுள் சிலந்தி ஒன்று கால்களை மடக்கித் துடிப்பதைக் கண்டாள். "தாத்தா, நாம வர்றது அதுக்கு முன்னாடியே தெரியாதா?" என்று எம்மைக் கேட்டாள். "தெரியாது அம்மா, அதற்குக் காது இல்லையே" என்று கூறிவிட்டு யாம் பணியைத் தொடர்ந்தோம். அவ்விடை பிழையானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் கடமையே இவ்வுரையாக அமைகிறது.

நம் ஆகமங்கள் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்துள்ளன. தொல்காப்பிய மரபியலும் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்து, நண்டையும் தும்பியையும் நாலறிவின் வரிசையில் வைத்தது. வண்டு, ஈ, தேள், சிலந்தி ஆகியவற்றை நாற்புலன் உயிர்கள் என்றே நம் பெரியோர் கற்பித்து வருகின்றனர். மெய், வாய், மூக்கு, கண் என்னும் புலன்கள் நான்கு, காய பலம், வசன பலம் என்னும் ஆற்றல்கள் இரண்டு, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று, ஆக, நாற்புலன் உயிருக்குப் பிராணன்கள் எட்டு. பாடசாலையில் இதனை நாம் மனனம் செய்திருக்கிறோம். ஆயினும் அவ்வெட்டினுள் வசன பலம் என்று ஒன்று உளதே, ஊமைபோல் மூலையில் தொங்கும் சிலந்திக்கு ஏது பேச்சு என்று நம்மில் எத்தனை பேர் வினவியிருப்போம்?

சிலந்திக்குச் செவி இல்லை என்பது மெய்யே. ஆனால் அதன் கால்களில் மிக நுண்ணிய மயிர்கள் உள்ளன. காற்றின் சிறு அசைவும் அவற்றை வளைத்துவிடும். கால் மூட்டுகளின் அருகே, மேல் ஓட்டில், கண்ணுக்குப் புலனாகாத பிளவுகள் உள்ளன. தரையிலோ இழையிலோ எழும் அதிர்வு அவற்றைச் சற்றே நெரிக்க, அதுவே செய்தியாக நரம்பிற்குச் செல்லும். நடு அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒருவகைச் சிலந்தியின் உடலில் இத்தகைய பிளவுகள் 3000-க்கும் மேற்பட்டவை உள்ளன. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாவும் சிலந்தி ஒன்று 3 மீட்டருக்கு அப்பால் எழும் ஓசையையும் உணர்வதை வெளியிட்டனர். செவியின் வேலையை அங்கு மெய்யே செய்கிறது. காலின் நுனியால் அது சுவையறிகிறது. இழையில் படிந்த மணத்தால் தன்னினத்தை அறிகிறது. நம் நூல் அறிவியலை முந்திற்று என்று பெருமை பேச யாம் இதனைக் கூறவில்லை. நாம் அற்பமென்று தள்ளிய உயிர் எத்துணை விழிப்போடு வாழ்கிறது என்பதைக் காட்டவே கூறினோம்.

இனி அதன் பேச்சைக் காண்போம். உயிரியலார் வழக்கின்படி ஆண், பெண் என்றே குறிப்போம். மேற்சொன்ன நடு அமெரிக்கச் சிலந்தியை பிரீட்ரிக் பார்த், ஜெரோம் ரோவ்னர் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1981-இல் எழுதினர். அது வலை பின்னாது. இரவில் வாழை முதலிய செடிகளின்மீது உலவும். பெண் சென்ற வழியில் விட்ட இழையை ஆண் தன் காலால் தீண்டியவுடன் அங்கேயே நின்றுவிடுகிறது. வயிற்றை அசைத்தும், முகத்தருகே உள்ள சிறு உணர்கால்களால் இலையைத் தட்டியும் செய்தி அனுப்புகிறது. அவ்வதிர்வு இலையின் வழியே ஒரு மீட்டருக்கும் அப்பால் செல்கிறது. மறுகோடியில் இருக்கும் பெண், தன்னினத்தின் தாளம் அது என உணர்ந்தால், இருந்த இடத்திலிருந்தே மறுதாளம் கொடுக்கிறது. அம்மறுமொழி வந்த திசையை அறிந்தே ஆண் முன்னேறுகிறது. மீண்டும் நின்று கேட்கிறது. மீண்டும் விடை பெறுகிறது. முழு இருளில், ஒன்றையொன்று காணாமலே, வினாவும் விடையுமாக அவை நெருங்குகின்றன.

வலை பின்னும் சிலந்திகளில் இதன் இன்றியமையாமை இன்னும் தெளிவாகும். அங்கு பெண் உருவில் பெரிது. கண் பார்வை குறைவு. வலையில் எது அசைந்தாலும் இரையென்று பாயும். ஆகையால் ஆண் வலையின் ஓரத்தில் நின்று, சிக்கிய பூச்சியின் பதற்றம் தோன்றாவண்ணம், தனக்குரிய ஒழுங்கில் இழையை மீட்டுகிறது. 'யான் இரையல்லேன், நின் இனத்தவன்' என்பதே அதன் பொருள். அறிவித்து அணுகுவது அங்கு வெறும் உபசாரமன்று. உயிர் காக்கும் நெறி. ஆஸ்திரேலியாவில் மயிற்சிலந்தி என்று ஒன்றுண்டு. 1874-இல் அறிவியல் நூல்களில் இடம்பெற்ற அது 5 மில்லிமீட்டர் அளவே உடையது. அதன் ஆண், வயிற்றின்மேல் உள்ள பல வண்ண மடலை மயில் தோகைபோல் விரித்து, காலை உயர்த்தி ஆடுவதோடு, தரையை அதிரச் செய்தும் தன்னை அறிவிக்கிறது. சிலந்திக்கு உறவான தேளோ, தன் துணையின் கொடுக்குகளைத் தன் கொடுக்குகளால் பற்றி, முன்னும் பின்னும் நெடுநேரம் நடக்கிறது. பிரான்சு நாட்டு ஃபாபர் என்னும் இயற்கையறிஞர் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

இதே இழையைப் பொய்க்குக் கருவியாக்கும் சிலந்தியும் உண்டு. போர்ஷியா என்னும் தாவும் சிலந்தி, பிற சிலந்தியின் வலையோரம் அமர்ந்து, சிக்கிய பூச்சிபோல் இழையை அசைத்துக் காட்டும். ஒரு தாளம் பலிக்காவிடில் வேறொன்றை மாற்றி முயலும். இரையென்று நம்பி நெருங்கும் வலைக்கு உரியது தானே இரையாகிவிடும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து ராபர்ட் ஜாக்சன் என்பார் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

அன்பர்களே, இழை ஒன்றே; ஒருவகை அதில் மெய் சொல்கிறது, மற்றொருவகை பொய் சொல்கிறது. அவை தத்தம் பிறவியின்வழி ஒழுகுபவை. நமக்கோ, இது கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது என்று பகுத்தறியும் மனம் வாய்த்திருக்கிறது. அதனாலன்றோ முனிவர்க்குப் பாஷா சமிதியும், இல்லறத்தார்க்குச் சத்திய அணுவிரதமும் விதிக்கப்பட்டன? ஒரு குடும்பமும் ஒரு வலையே. கணவன் மனைவியிடமும், மாமியார் மருமகளிடமும், தந்தை மகனிடமும் கூறும் சொல் ஒவ்வொன்றும் அவ்வலை முழுதையும் அதிரச் செய்கிறது. கேட்டு, நின்று, விடை பெற்று அணுகுவோரே அங்குச் சுற்றத்தார். அறிவிக்காமல் பாய்வோர் பகைவராகவே தோன்றுவர்.

இனி ஒட்டடைக் கோலுக்கு வருவோம். இல்லத்தைத் தூய்மை செய்வது ஆரம்ப ஹிம்சையின்பாற்படும். இல்லறத்தார் அதனை முற்றிலும் தவிர்க்க இயலாது. எனினும், மறதியாலும் அசட்டையாலும் பிறிதோர் உயிரின் பிராணனை வருத்துதல் ஹிம்சையே என்பதை நாம் அறிவோம். தவிர்க்கத்தக்கதைத் தவிர்க்காதது தவிர்க்க இயலாததன் கணக்கில் சேராது. வாரம் ஒருமுறை மூலைகளைத் துடைத்து வந்தால் வலையே பெருகாது. திருநாளுக்கு முதல் நாள் அவசரமாகக் கோல் எடுப்பதைவிட அதுவே நலம். பகல் வெளிச்சத்தில், வெறும் வலை எது, உயிருள்ள வலை எது என்று நோக்கிய பின்னரே கை நீளட்டும். நம் வீட்டுக் கூரைமூலையில் வாழும் நெடுங்கால் சிலந்தியின் தாய், தன் முட்டைகளை வாயருகே கவ்விச் சுமந்திருப்பதை உற்று நோக்கினால் காணலாம். தரையில் திரியும் ஓநாய்ச் சிலந்தியும், தேளும் தம் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். அகற்ற வேண்டிய சிலந்தியின்மீது ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் அட்டை ஒன்றைச் செருகி, வெளியே நிழலில் விட்டுவிடலாம். நம் முனிவர் அமருமுன் மயிற்பீலியால் இடத்தை வருடுவது இந்நோக்கத்தினாலன்றோ?

மறு ஆண்டும் அச்சிறுமி திருச்சுற்றுக்கு வந்தாள். யாம் கோலின் நுனியால் வலைக்குச் சற்று அப்பால் சுவரை மெல்லத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம். நெடுங்கால் சிலந்தி முதலில் வலையோடு நடுங்கியாடிற்று. பின்னர் மெல்ல நகர்ந்து கல்லிடுக்கினுள் ஒதுங்கிற்று. "போன வருஷம் யாம் தவறாகச் சொன்னோம் அம்மா, நாம் வருவது அதற்குத் தெரியும்" என்றோம். அவள் சற்று நேரம் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மூலைக்கு எமக்கு முன்னரே ஓடி, தன் விரலால் சுவரைத் தட்டினாள்.

வாழ்க கொல்லா நல்லறம்! வளர்க ஜினதர்மம்!