உடம்பைப் பேணுதலும் சிவதொண்டே



உயிர்கள் மலம் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையுங் கொடுத்தருளினான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. தநுவாவது உடம்பு. ஆகவே உடம்பு நாம் ஈட்டிய உடைமையன்று. ஒரு பயன் குறித்து நம்பால் ஒப்புவிக்கப்பட்ட பொருள். பிறர் ஒப்புவித்த பொருளைச் சிதைப்பவனை உலகம் பழிக்கின்றது. இறைவன் ஒப்புவித்த உடம்பைச் சிதைப்பவனை மாத்திரம் சிறந்த உழைப்பாளியென்று புகழ்தல் தகுமோ?

இற்றைநாள் ஆசிரியர் பலர் காலையுணவை ஒழித்துத் தேநீர் மாத்திரம் அருந்திப் பாடசாலைக்கு ஓடுகின்றனர். பிற்பகலிலே தனி வகுப்புக்கள், இரவிலே விடைத்தாள்கள், அதன்பின் கைத்தொலைபேசி. துயிலுக்கு எஞ்சுவது சில நாழிகையே. இதனைத் தியாகமென்று கருதுவாருமுளர்.

"யாக்கை நிலையாதென நூல்கள் கூறுகின்றனவே, அதனைப் பேணுதல் பற்றாகாதோ?" எனின், ஆகாது. நிலையாமை கூறியது பற்றொழித்தற்கேயன்றி உடம்பைக் கெடுத்தற்கன்று. நிலையாத கருவியாதலினாலேயே, உள்ளபொழுதே அதனைப் பழுதின்றிக் காத்துப் பயன்கொள்ளல் வேண்டும். திருமூல நாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே, உடம்பினுள்ளே இறைவன் கோயில்கொண்டிருத்தலைக் கண்டு அதனைப் பேணுதலை உணர்த்தியருளினார். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரோ, கொடிமாடச் செங்குன்றூரிலே குளிர்சுரத்தால் அடியார்கள் வருந்தியபோது, உடம்பு பொய்யென்று கூறி வாளாவிருந்திலர். திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தருளினார்.

தன்பால் அன்புசெய்தல் வேறு, தற்செருக்கு வேறு. செருக்கு, "எனக்கே எல்லாம்" என்னும். அன்போ, "என்னாற் பிறர்க்கு ஆவன ஆகுக, அதற்கு யான் நலமாயிருத்தல் வேண்டும்" என்னும். துயில் குறைந்த ஆசிரியரின் சினம் எவர்மேல் விழுகின்றது? கணக்குத் தவறிய ஏழைப் பிள்ளையின்மேலன்றோ? நாம் நம் உடம்புக்குச் செய்யுந் தீங்கிற்குக் கூலி கொடுப்பவர் நம் மாணாக்கராதலை நினைமின்.

இனி, செயற்பாலன சிலவற்றைக் கூறுவாம். திருவள்ளுவர் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்துட் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகின்றார். முன் உண்டது செரித்தபின், பசித்து, அளவறிந்து உண்ணுக. குரக்கன், முருங்கையிலை, பயறு முதலியன நம்மூர்ச் சந்தையிலேயே உள்ளன. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமிற் குறைதல் வேண்டுமென்றும், வாரத்திற் குறைந்தது 150 நிமிடம் விரைந்து நடத்தல்போன்ற உடலுழைப்பு வேண்டுமென்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாடோறும் அரைமணி நேரமாக ஐந்து நாள் கோயிலுக்கு நடந்து சென்று மீள்வார்க்கு அவ்வளவு நிறைந்துவிடும். வழிபாடும் உடன் நிகழும். வளர்ந்தோர்க்குத் துயில் ஏழு மணி நேரமேனும் வேண்டும். ஆசிரியர்க்குக் குரலே முதற் கருவி. தொண்டை கட்டும் நோய் பிற தொழிலாளரினும் ஆசிரியர்க்கே மிகுதி. ஆதலின் இடையிடையே நீர் பருகுக. உரக்கக் கத்துதலை ஒழித்துப் பிள்ளைகளை அண்மையில் அழைத்துப் பேசுக.

ஆலயத்திலே ஒருகாலப் பூசை தவறினும் நாம் மனம் வருந்துகின்றோம். விளக்கில் நெய் குறையின் விரைந்து வார்க்கின்றோம். உடம்பென்னும் ஆலயத்திலே உணவும் துயிலுங் காலந்தவறுதலை மாத்திரம் ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருத்தல் என்ன முறை?

எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கவேண்டுவதின்று. இவ்வாரம் அதிகாலையில் எழுந்து, நீராடி, திருநீறணிந்து, திருவைந்தெழுத்தை ஓதி, அமர்ந்திருந்து காலையுணவு கொண்டு பாடசாலை செல்லுக. உடல்நலப் பாடத்தை நாம் வாயாற் கற்பிக்கு முன்னரே நம் முகத்திற் பிள்ளைகள் அதனைப் படித்துவிடுவர். அத்தகைய நல்வாழ்வுக்குச் சிவபெருமான் திருவருள் துணைபுரிவதாக.