புளியமரத்தடி ஹெரால்டு

டயர் மண்ணில் புதைய, கூரையெல்லாம் சருகாக, புளியமரத்தடியில் நிற்கிறது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960களில் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான கார். இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த அழகு.

‘காயலான் கடைக்குத்தான்’ என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இன்றைய பெரும்பாலான கார்களைப் போலன்றி இதற்குச் சேஸிஸ் தனி. பாடியின் பாகங்கள் போல்ட் போட்டு முடுக்கியவை. துரு தின்ற பாகத்தை மட்டும் கழற்றிச் சரிசெய்து மாட்டலாம். பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். எவ்வளவு கருணையான வடிவமைப்பு!

இளநீலப் பெயிண்டும் பளபளக்கும் பம்பருமாக அதை இப்போதே பார்க்கிறேன். ஆனால் பெயிண்ட் கடைசி வேலை. முதலில் சேஸிஸை ஸ்பேனரால் தட்டிப் பார்க்க வேண்டும்: கணீரென்றால் தெம்பு, மொத்தென்றால் வெல்டிங். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறிய பின்னரே எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். ஆசை மிகுதியில் உடனே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ரிங் உடையலாம்.

இதற்கெல்லாம் முன்பு, ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று காரின் சொந்தக்காரரைக் கேட்டுவிட வேண்டும்.