எந்தத் தேதிக்குத் திரும்புவது?

உங்கள் வீட்டு ஷெட்டில், தார்ப்பாய் போர்த்தி, ஸ்டாண்டர்டு கம்பேனியன் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாங்கியது. அப்பா ஓட்டியது. இப்போது உங்கள் தலையில். ‘பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்’ என்கிறார் தம்பி. ‘சரி பண்ணி ஓட்டலாம்’ என்கிறீர்கள் நீங்கள். தம்பி சொல்வது பொருளாதாரம். நீங்கள் சொல்வது என்ன?

கம்பேனியனைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ஸ்டேஷன் வேகன் அவதாரம் அது. 1960-களின் பிற்பகுதியில் வந்தது. 948 சி.சி. எஞ்சின், ஐந்து கதவு. கூரை கடைசி வரை நீண்டிருக்கும். பின்னால் கல்யாணப் பாத்திரம், வாழைத்தார், சீட் கிடைக்காத பொடிசுகள் எல்லாம் ஏறும். இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டின் வம்சம்தான். ஆனால் ஐந்து கதவு வேகன் நம் ஊருக்கென்றே பிறந்தது.

சரி, ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறீர்கள். ‘துருப்பிடிச்ச தகட்டையெல்லாம் மாத்தணும் சார். சீட் புதுசு, ஒயரிங் புதுசு, பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதுசு. கவலைப்படாதீங்க, ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி ஆக்கிடறேன்.’

இத்தனையும் மாற்றிய பிறகு வெளியே வருவது தாத்தா கார்தானா?

இந்தக் கேள்வி எல்லாக் கார்களையும்விடப் பழசு. வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்தார்கள். மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொண்டே இருந்தார்கள். இது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதை புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். 17-ம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் வம்பை இன்னும் வளர்த்தார். கழற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது அசல்?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சேசிஸ் நம்பர்தான் காரின் ஆத்மா. ஹெரால்டுக்கு அது ரொம்பப் பொருத்தம். தனி சேசிஸ்மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கிய கார் அது. 2021-ல் மத்திய அரசு ஒரு விதியே கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டியை ‘வி.ஏ.’ எழுத்தோடு வின்டேஜாகப் பதியலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய். அப்புறம் அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. ராலி, கண்காட்சி மாதிரி சமாசாரங்களுக்குத்தான்.

ஆனால், நீங்கள் தேடுவது சேசிஸ் நம்பரை இல்லையே!

‘ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி’ என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஷோரூமில் நின்ற அன்று அந்தக் காருக்கு உங்கள் தாத்தாவைத் தெரியாது. அத்தை அதில் புகுந்த வீடு போயிருக்கவில்லை. அப்பா கேட்டில் இடித்த பள்ளம் மட்கார்டில் விழுந்திருக்கவில்லை. அந்தத் தேதிக்குக் காரைத் திருப்பிக் கொண்டுபோனால், உங்கள் குடும்பம் அதில் ஏறுவதற்கு முந்தைய நிமிஷத்தில் போய் நிற்பீர்கள். அழகான கார்தான். ஆனால் யாருடையதோ.

நம் கோயில்களுக்கு இது நடந்திருக்கிறது. திருப்பணி என்று சொல்லி, கருங்கல் சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்கள். ஸாண்ட் பிளாஸ்டிங். கல் பளிச்சென்று ஆனது. கூடவே கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கின. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பேர் போச்சு. செய்தவர்களுக்கு பக்தி குறைவில்லை. கார் பெயின்ட்டை உரிப்பதற்கும் இதே ஸாண்ட் பிளாஸ்டிங் உண்டு.

அதற்காக, எதையும் தொடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அது இன்னும் பெரிய தப்பு. அந்தக் கால ஹெரால்டில் பிரேக்குக்கு ஒரே லைன்தான். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். தாத்தா ஞாபகம் என்று பழைய குழாயையே வைத்துக்கொண்டு, பின்சீட்டில் உங்கள் பெண்ணை ஏற்றினால் அது பாசம் இல்லை. போனவர்களுக்குச் செய்யும் மரியாதைக்கு இருப்பவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

எனக்குத் தோன்றும் வழி இது. உயிரைத் தாங்குகிற சாமான் எல்லாம் புதுசாக இருக்கட்டும். பிரேக், டயர், ஒயரிங், பெட்ரோல் குழாய். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கை பட்ட சாமான் எல்லாம் பழசாகவே இருக்கட்டும். எழுத்து அழிந்த கியர் குமிழ், தேய்ந்த ஸ்டியரிங், டிரைவர் பக்கம் மட்டும் குழி விழுந்த சீட். துருவை நிறுத்துங்கள், தழும்பை விட்டுவிடுங்கள்.

டிங்கரிங் பார்ப்பவர் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டார். ‘பட்டி பார்த்துட்டா பள்ளம் தெரியவே தெரியாது சார்’ என்பார். தெரியட்டும் என்று சொல்லுங்கள். ‘இது ஏம்ப்பா இப்படி நசுங்கியிருக்கு?’ என்று என்றாவது உங்கள் பெண் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்க வேண்டாமா?