சைக்கிளும் போதுமென்ற மனமும்

புக்கிட் மேரா அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் இளைஞர் சிலர், குறைந்த விலையில் மலைச் சைக்கிள் ஒன்றை வாங்குகிறார்கள். சில மாதங்களில் அவர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. இதன் பாகங்களைக் கழற்றிவிட்டு, உயர்ந்த பாகங்களைப் பூட்டலாமா? கேள்வி சிறிதுதான். ஆனால், தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்னும் பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஏழு கியர் சைக்கிளைப் பத்து கியராக்க நினைக்கிறார் ஒருவர் என்று கொள்வோம். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களை மட்டும் மாற்றினால் போதாது. செயினை மாற்ற வேண்டும். கியர் மாற்றும் கருவியையும் கைப்பிடியிலுள்ள விசையையும் மாற்ற வேண்டும். மலிவான சைக்கிள்கள் பலவற்றில் பல்சக்கரத் தொகுதி திருகிப் பூட்டும் வகையாக இருப்பதால், பின்சக்கரமே மாற நேரிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான் அல்லவா?

பிரெஞ்சு அறிஞர் திதரோ 1769-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அழகிய புது அங்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் பக்கத்தில் அறையின் பழைய பொருள்களெல்லாம் அற்பமாகத் தோன்றின. ஒவ்வொன்றாக மாற்றினார், கைப்பொருள் கரைந்தது. பழைய பொருள்கள் கெடவில்லை. அவற்றைப் பார்க்கும் கண்தான் மாறிவிட்டது.

அப்படியானால் எதையும் மாற்றாதிருப்பதே அறமா? அதுவுமன்று. பிரேக் கட்டை தேய்ந்தபின்னும் சிக்கனம் பேசுவது கஞ்சத்தனம். அதன் விலையைக் கொடுப்பவர், பாதையில் நடந்துவரும் முதியவரோ குழந்தையோ ஆகலாம். சிங்கப்பூரில் பொதுப் பாதையிலும் சாலையிலும் ஓடும் சைக்கிளுக்குக் கைப்பிரேக் ஒன்றேனும் வேலை செய்ய வேண்டுமென 2021-ஆம் ஆண்டு முதல் சட்டமே இருக்கிறது. செயினும் அப்படியே. பன்னிரண்டு அங்குல நீளத்தில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும். தவறினால் பல்சக்கரங்களும் தேய்ந்துபோகும். இவை ஆடம்பரமல்ல, கடமை.

கடமைக்கும் ஆடம்பரத்துக்கும் இடையிலுள்ளவைதாம் நம்மைச் சோதிக்கின்றன. புக்கிட் தீமா மலைப்பாதையில் வேரும் கல்லும் தாண்டி அடிக்கடி ஓட்டுபவர் நல்ல ஃபோர்க் விரும்பினால் அதற்குப் பொருளுண்டு. ஆனால், 2011-இல் ரயில் நின்றபின் நடைபாதையான பழைய ரயில் தடத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு அது எதற்கு? செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது. ஆகவே அந்தத் தடம் பெரும்பாலும் சமதரையே.

மகிழ்ச்சிக்காகச் செலவிடுவது குற்றமன்று. உழைப்பவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆயினும் பணப்பையைத் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். குறை சைக்கிளிலா, நம் பயிற்சியிலா? யாருமே பார்க்காவிட்டாலும் இதை வாங்குவோமா? இந்த வெள்ளி வீட்டில் வேறொருவருடைய தேவைக்கு உரியதா? மூன்றுக்கும் மனச்சாட்சிக்கு ஒத்த விடை கிடைத்தால் தயங்காமல் மாற்றலாம். கிடைக்காவிட்டால், காற்றடித்து, எண்ணெயிட்டு, உள்ள சைக்கிளையே ஓட்டுவோம். கால் வலுப்பெறும், கைப்பொருளும் மிஞ்சும்.